கோப்பை கழுவும் சத்தம்

பாரிசுக்கு நான் இரண்டு காரியங்களுக்காகப் போனேன். ஒன்று, என் மகன் குகனின் ஆட்டைத் திவசம். அவன் இறந்து ஓராண்டு நிறையும்போது செய்யவேண்டிய கிரியை. மற்றது, அவனும் நண்பன் ஒருவனும் சேர்ந்து உருவாக்கிய இசைத்தட்டு ஒன்றை மீண்டும் வெளியிடுவதற்குத் தந்தை என்ற முறையில் சம்மதம் கொடுப்பது. அந்த இசைத்தட்டை நான் அதுவரை கேட்டதில்லை.

போர் முடிந்த பின் வந்த சில ஆண்டுகளில் அதை இருவரும் செய்திருக்கிறார்கள். ராப் என்று சொல்லப்படும், தாளத்தின் மேல் சொற்களை அடுக்கிச் செல்லும் வகை. சொற்கள் இப்ரா என்ற நண்பனுடையவை. அவற்றுக்குக் கீழே ஓடும் இசையைக் கட்டியவன் குகன். அந்த இசை முழுவதும் ஜாஸ். வெளிவந்த காலத்தில் அதை வாங்க ஆளில்லை. இப்போது பாரிசின் இளைஞர்கள் அதைக் கிளாசிக் என்கிறார்களாம், பழைய பிரதிகளைத் தேடி அலைகிறார்களாம். சிறிய கம்பனி ஒன்று மறுபதிப்புக்கு முன்வந்திருந்தது.

முழங்கால் வலியால் என் மனைவி வரவில்லை. யாழ்ப்பாணம் கொக்குவிலில் வாடகை வானில் ஏறும்போது அவள் ஒன்றுதான் சொன்னாள்: "கேட்காமல் கையெழுத்து வைச்சிடாதேங்கோ."

விமான நிலையத்தில் என் மைத்துனர் யோகன் காத்திருந்தார். மனைவியின் தம்பி. கால் நூற்றாண்டாகப் பாரிசில் இருக்கிறார். இப்போது லா ஷப்பெல்லில் மளிகைக் கடை ஒன்றின் பொறுப்பாளர், கோயில் நிர்வாக சபையிலும் ஓர் உறுப்பினர். குகனை அழைத்துக்கொண்டவரும் அவரே, எரியூட்டியவரும் அவரே. எனக்கு விசா கிடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பாரிசின் புறநகரான வில்லியே லே பெல்லில் அவருடைய வீடு எட்டாம் மாடியில். மின்தூக்கி பழுது. என் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தளத்திலும் நின்று, மூச்சு வாங்கியபடியே பேசினார்.

"அத்தான், நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்கக்கூடாது. ஐயரைப் பிடிச்சாச்சு. கொம்பனிக்காரனோடையும் நானே கதைச்சுப்போட்டன். பாட்டை நல்ல கிளீனாச் செய்து வைச்சிருக்கிறாங்கள். நீங்கள் கையெழுத்து மட்டும் வைச்சாச் சரி."

"கேட்டுவிட்டு வைக்கிறேன்" என்றேன்.

"ஓமோம், கேளுங்கோ. அதுக்கென்ன." அவர் அடுத்த தளத்துக்கு ஏறத் தொடங்கினார்.

மேலே அவர் மனைவி மலர் இடியப்பமும் சொதியும் வைத்திருந்தாள். திவசம் முடியும்வரை வீட்டில் மச்சமில்லை, மீனும் இறைச்சியும் கிடையாது என்று அறிவித்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரே உயரக் கட்டடங்கள். பல்கனிகளில் மிதிவண்டிகளும் துணிகளும். சூரியன் இறங்குவதாகத் தெரியவில்லை. எங்கள் ஊரில் விளக்கேற்றும் வேளை என்பது ஒரு தெளிவான வேளை. அங்கே கோடையில் அதை மணிக்கூட்டைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

மறுநாள் யோகனோடு லா ஷப்பெல்லுக்குப் போனேன். ரூ பெர்தொனே சிறிய தெரு. நகைக்கடை, புடைவைக்கடை, சாப்பாட்டுக்கடை எல்லாம் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. வல்லாரைக் கட்டு வாடாமல் இருந்தது. முந்தைய நாள் கொழும்பில் விமானம் ஏறியதாம். திவசச் சாமான் ஒரே பையில் கட்டி விற்கப்படுகிறது: எள், தர்ப்பை, சந்தனம், கற்பூரம், பஞ்சு. யாழ்ப்பாணத்தில் இதற்கு மூன்று கடை ஏறி இறங்கவேண்டும். அலைவதில் துக்கத்துக்கு ஒரு வேலை கிடைக்கிறது. இங்கே அதற்கு வழியில்லை.

சாப்பாட்டுக்கடையில் வடையும் தேநீரும் எடுத்துக்கொண்டு நின்றபடியே உண்டோம். பக்கத்தில் இருவர் குரலுயர்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"உவன் விசாப் பேப்பர் கிடைச்சவுடனை ஆளே மாறிப்போனான், அண்ணை. கண்டாலும் காணாதமாதிரிப் போறான்."

"கண்ணாடி போடச் சொல்லு. பேப்பர் கிடைச்சாக் கண் மங்கும். எனக்கும் ஒரு வருஷம் மங்கித்தான் கிடந்தது."

சிரித்துக்கொண்டு திரும்பியவர் யோகனைக் கண்டு வணங்கினார். யோகன் என்னை அறிமுகப்படுத்தினார். அவர் முகம் மாறியது. "சவுண்ட் எஞ்சினியர் தம்பியின்ரை அப்பாவோ? நல்ல பிள்ளை, ஐயா. எங்கடை சனத்துக்கை அப்பிடிப் படிச்ச உத்தியோகம் ஆருக்குக் கிடைக்கும்?"

நான் நன்றி சொன்னேன். தொலைபேசியில் குகன் தன் வேலையைப் பற்றிச் சொன்னது ஒரே சொல்: ரெஸ்ரோரண்ட். எஞ்சினியர் என்று அவன் சொன்னதில்லை. யோகனைப் பார்த்தேன். அவர் வடைக்குச் சம்பல் கேட்டுக்கொண்டிருந்தார்.

யோகனுக்குக் கடையில் வேலை இருந்தது. மாலையில் தனியாக ரயிலேறினேன். பிரெஞ்சை நான் புத்தகத்தில் படித்தவன். கல்வெட்டியல் படித்த காலத்தில் பிரெஞ்சு அறிஞர்களின் கட்டுரைகளை வாசிப்பதற்காகக் கற்றேன். அச்சில் எல்லாம் புரியும், காதில் பாதி. ஒலிபெருக்கி ஏதோ அறிவித்தது. அச்சில் தந்திருந்தால் இறங்கியிருப்பேன். ரயில் வில்லியே லே பெல் நிலையத்தை வேகம் குறைக்காமலே கடந்தது. நான் எழுந்து கதவருகில் நின்றேன்.

எதிர் இருக்கையில் உணவகச் சீருடையோடு தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் கண்ணைத் திறக்காமலே பேசினார்: "ஐயா, இருங்கோ. அது இனி அடுத்ததிலைதான் நிக்கும். இஞ்சை வந்த எல்லாரும் ஒருக்கா உப்பிடிப் போனவைதான்."

"நீங்களும் வில்லியே லே பெல்லோ?"

"ஓம். நான் இண்டைக்கு ரெண்டாந்தரம்."

இருவரும் அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்ப்பக்க மேடையில் திரும்பும் ரயிலுக்காக நின்றோம். அவருடைய விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. நெடுநேரம் நீரில் கிடந்த கைகள். நான் பார்ப்பதைக் கண்டு அவற்றைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் இப்ராவைச் சந்திக்க சென் தெனிக்குப் போனோம். மொழிபெயர்ப்பதற்காக யோகன் கடைக்கு விடுப்புப் போட்டிருந்தார். சந்தை நாள். துணி, மீன், கைப்பேசி உறை, புதினாக் கட்டு எல்லாவற்றுக்கும் ஒரே கூச்சல். எங்கள் ஊர்ச் சந்தையில் விற்பவர் அமைதியாக இருப்பார், வாங்குபவர் சத்தமிடுவார், இங்கே தலைகீழ்.

இப்ரா மாலி நாட்டுப் பெற்றோருக்குச் சென் தெனியில் பிறந்தவன். நாற்பதை நெருங்கும் நெடிய மனிதன், கண்ணாடி அணிந்தவன், நகரசபை அலுவலகம் ஒன்றில் வேலை. கதவைத் திறந்ததும் இரு கைகளாலும் என் கையைப் பிடித்தான். "வணக்கம் அப்பா. சாப்பிட்டாச்சோ?"

உச்சரிப்பு சுத்த யாழ்ப்பாணம். நான் தமிழில் பதில் சொன்னதும் தலையசைத்துச் சிரித்தான். அவனுக்குத் தெரிந்த மிச்சத் தமிழ் முழுவதும் சமையலறைத் தமிழ்: கெதியா, சுடுது, விலகு, கடவுளே.

அவனுடைய தாய் கச்சான் குழம்பு, அதாவது நிலக்கடலை அரைத்த குழம்பு, வைத்து அனுப்பியிருந்தார். திவசத்துக்கு முன் நாங்கள் இறைச்சி உண்பதில்லை என்பதைக் குகனிடமிருந்து அவன் முன்பே அறிந்திருந்தான். இறைச்சிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. ஒரே பெரிய பாத்திரத்தில் சோறு, நடுவில் குழம்பு, மூன்று பேரும் கையால் உண்டோம். தன் பக்கத்துக் கிழங்குகளை அவன் விரலால் என் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தான். உணவின்போது நீண்ட நேரம் ஏதோ சொன்னான். யோகன் கேட்டுவிட்டு மொழிபெயர்த்தார்: "குகன் நல்ல பெடியனாம் எண்டு சொல்லுறான்."

"அவ்வளவுதானா?"

"சாராம்சம் அதுதான், அத்தான்."

பிறகு அவன் கணினியை இயக்கி, மறுபதிப்புக்கான பிரதியை ஒலிக்கவிட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ட்ரம்பெட், பியானோ, அடியில் ஒரு மெதுவான தாளம். அவற்றின் மேல் இப்ராவின் இளமைக் குரல். தெளிவாக, ஒழுங்காக இருந்தது. நல்ல விடுதியின் வரவேற்பறையில் ஒலிக்கக்கூடிய இசை. முடிந்ததும் எனக்குள் எதுவும் அசைந்திருக்கவில்லை. மனைவியிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். கேட்டாகிவிட்டது, கையெழுத்து வைக்கலாம்.

இப்ரா என் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மேசைமேல் பழைய இசைத்தட்டின் உறை கிடந்தது. பெயரை வாசித்தேன். லா ப்ளோன்ஜ். உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவும் வேலைக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். தட்டு, கிண்ணம் எல்லாவற்றையும் கோப்பை என்று அழைக்கும் எங்கள் சனம் அதைக் கோப்பை கழுவல் என்கிறது.

"கோப்பை கழுவல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோப்பை எங்கே?" என்று யோகனிடம் கேட்டேன். "அவனிடம் கேளுங்கள்."

யோகன் கேட்கவில்லை. நானே என் புத்தகப் பிரெஞ்சில் கேட்டேன். இப்ரா திடுக்கிட்டான். எனக்குப் புரியவேண்டும் என்பதற்காகச் சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பதில் சொன்னான்.

"தட்டுகளின் சத்தத்தை நீக்கிவிட்டார்கள். அது உங்கள் விருப்பம் என்று சொன்னார்கள், அப்பா. எங்கள் வீட்டிலும் தந்தையின் சொல்லுக்கு மறுசொல் இல்லை. ஆகவே நான் பேசவில்லை."

"என் விருப்பம் என்று யார் சொன்னது?"

இப்ரா கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அறையில் இன்னொருவர்தான் இருந்தார்.

"நான்தான் சொன்னனான், அத்தான்" என்றார் யோகன். கைவிரல்களைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "அந்த இசை துடங்கினதிலை இருந்து முடியுமட்டும் கோப்பைச் சத்தம். தண்ணிச் சத்தம். கேக்கிறவன் எல்லாம் உடனை விளங்கிக்கொள்ளுவான், பெடியன் என்ன வேலை செய்தவன் எண்டு. நீங்கள் யூனிவர்சிற்றியிலை படிப்பிச்ச மனுசன். இஞ்சை கோயிலிலை, கடையிலை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அதுதான் கொம்பனிக்காரனுக்கு, தேப்பனுக்கு விருப்பமில்லை, உதைத் துப்புரவாக்கித் தாங்கோ எண்டு சொன்னனான்."

"சவுண்ட் எஞ்சினியர் என்றதும் நீங்கள்தானா?"

"செத்தவீட்டிலை கேட்டவை. வாயிலை வந்துது. பிறகு எடுக்கேலாமல் போச்சு."

கோபம் வரவில்லை. என்னுடைய மதிப்பை அவர் எட்டு மாடி சுமந்து ஏறிக்கொண்டிருந்திருக்கிறார், நான் அதை இறக்கிவைக்கச் சொல்லாத காரணத்தால். முதல் பதிப்பை ஒலிக்கவிடும்படி இப்ராவிடம் சொன்னேன்.

முதலில் தண்ணீர் கேட்டது. அடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டுகள் விழும் ஒலி, ஓர் ஒழுங்கோடு. அந்த ஒழுங்கே தாளமாகியது. சுத்திகரித்த பிரதியில் தாளம் சோம்பியிருந்ததற்கு அதுதான் காரணம். அதன் எலும்பை உருவியிருந்தார்கள். ட்ரம்பெட் எங்கோ சுவருக்கு அப்பால் மங்கலாக இருந்தது. திடீரென்று அறைக்குள் வந்தது போல் பொங்கி, மறுபடி அடங்கிப் பின்வாங்கியது. மீண்டும் பொங்கியது.

இப்ரா விளக்கினான். அவர்கள் மூவரும் ஒரே உணவகத்தில் வேலை செய்தவர்கள். மண்டபத்தில் ஜாஸ் குழு ஒன்று வாசிக்கும். குகனுக்கும் யோகனுக்கும் பின்கட்டில் தொட்டியடி, இப்ரா பரிமாறுபவன். குகன் தொட்டிக்கு மேலிருந்த பலகையில் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை வைத்திருப்பான். வாசிப்பவர்களுக்கு அது தெரியும், சிரித்துக்கொண்டே சம்மதித்திருந்தார்கள். விடுமுறை நாட்களில் அந்தப் பதிவுகளிலிருந்து துண்டு துண்டாக வெட்டியெடுத்து, அடுக்கி, சுழலவிட்டு இசையைக் கட்டினான்.

"ட்ரம்பெட் ஏன் பொங்குகிறது என்று இப்போதெல்லாம் இளைஞர்கள் கேட்கிறார்கள். என்ன கருவி, என்ன மென்பொருள் என்று. அது நான்தான், அப்பா. தட்டுகளோடு ஊஞ்சல் கதவைத் தோளால் தள்ளுகிறேன். கதவு திறந்தால் இசை உள்ளே வரும். மூடினால் போய்விடும். குகன் என் நடையை அளந்து வெட்டினான்."

மாணவர்களுக்கு நான் முதல் வகுப்பில் சொல்வதொன்று உண்டு: படிப்பதற்கு முன் கல்லைச் சுரண்டிக் கழுவாதே. அழுக்கு என்று நினைப்பது எழுத்தின் கொம்பாக இருக்கலாம்.

நான்காம் பாட்டின் நடுவே இப்ரா சொற்களை நிறுத்தும் இடம் ஒன்று வருகிறது. தண்ணீரும் பியானோவும் மட்டும். அப்போது தூரத்தில் மண்டபக் கதவுப் பக்கமிருந்து ஓர் அதட்டல்:

"தம்பி! கரண்டியளைக் கெதியாக் கொண்டா!"

அதற்குப் பதில், மிக அருகில், கருவிக்குப் பக்கத்தில்:

"ஓம் மாமா, வாறன்."

தட்டு ஒன்று விழுந்தது. தாளம் மீண்டும் தொடங்கியது.

யோகன் எழுந்து நின்றிருந்தார். "அது என்ரை குரல், அத்தான்" என்றார். அதுவரை அவர் அந்த இசைத்தட்டை முழுதாகக் கேட்டதில்லை. முதல் பாட்டின் தண்ணீர்ச் சத்தத்தோடு நிறுத்திவிட்டிருந்தார். நீக்கச் சொன்னது எவற்றையெல்லாம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. யாரும் கேட்காமலே, நியாயம் சொல்பவர்போல் பேசினார்: "அண்டைக்குக் கரண்டி தட்டுப்பாடு. ஹோல் நிறையச் சனம். அதுதான் சத்தம் போட்டனான்."

இப்ரா அவருடைய முதுகில் கைவைத்தான். "கெதியா, தொந்தோன், கெதியா" என்றான். தொந்தோன் என்றால் பிரெஞ்சில் மாமா. சமையலறையில் அவரை அப்படித்தான் எல்லோரும் அழைத்திருக்கிறார்கள்.

பழைய பதிப்பை அப்படியே வெளியிடுவதானால் மட்டும் கையெழுத்து வைப்பேன் என்று சொன்னேன். இதை யோகன் ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தார். இப்ரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அதட்டலும் பதிலும் வரும் பகுதியை என் கைப்பேசிக்கு அனுப்பிவைத்தான்.

மறுநாள் வீட்டில் திவசம். படையலுக்கு இறந்தவருக்குப் பிரியமானதை வைப்பது எங்கள் வழக்கம். மலர் தோசை, உழுந்து வடை, பால்ரொட்டி எல்லாம் செய்திருந்தாள். இப்ரா வந்து ஒரு நீளப் பாணை, அந்தப் பிரெஞ்சு ரொட்டியை, கொடுத்தான்: வேலை முடிந்ததும் குகன் சட்டியில் மிஞ்சிய சோஸில் இதைத் தோய்த்து, சட்டைப் பையில் கொண்டுதிரியும் மிளகாய்த்தூளைத் தூவித் தின்பானாம். ஐயர் பாணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இலையில் சிறிது இடம் ஒதுக்கினார்.

பந்தியில் கோயில் சபையைச் சேர்ந்த ஒருவர் என் பக்கத்தில் அமர்ந்தார். "சவுண்ட் எஞ்சினியராய் இருந்த பிள்ளை, என்ன செய்யிறது ஐயா" என்று தொடங்கினார்.

சாம்பார் வாளியோடு வந்த யோகன் நின்றார். "இல்லை அண்ணை. கோப்பை கழுவினவன். நானும்தான். ரெண்டுபேரும் ஒரே தொட்டியிலை கழுவினனாங்கள்."

"என்ன யோகன், நீர்தானே சொன்னனீர்..."

"சொன்னனான்தான். சாம்பார் விடட்டோ?"

அவர் இலையைப் பார்த்து, "கொஞ்சமா விடும்" என்றார். பிறகு சொன்னார்: "நானும் வந்த புதிதிலை ஆறு வருஷம், யோகன். மொம்பர்னாஸ் பக்கம்."

விருந்தினர் போனபின் யோகனின் கைப்பேசியில் மனைவியை அழைத்தேன். கொக்குவிலில் அது பின்னேரத் தேநீர் வேளை.

"கேட்டீங்களோ?"

"கேட்டேன். நீயும் கேள்" என்று சொல்லி, குசினி மேசைமேல் என் கைப்பேசியை அதன் அருகில் வைத்து ஒலிக்கவிட்டேன். தொட்டியடியில் யோகன் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார், குழாயை மூடினார். தண்ணீர், பியானோ, அதட்டல், பதில், விழும் தட்டு.

அந்தத் துண்டு முடிந்தது.

"யோகன் நிக்கிறானோ உங்கை?" என்று கேட்டாள்.

"நிக்கிறன் அக்கா."

"ஏன்ரா பிள்ளையை இப்பிடி விரட்டுறாய்?"

யோகனின் கைகளிலிருந்து நுரை சொட்டியது. "கரண்டி முடிஞ்சுபோச்சு, அக்கா" என்றார்.

"அவன்தான் வாறன் எண்டு சொல்லுறானே" என்றாள் என் மனைவி. பிறகு என்னிடம், "இன்னொருக்காப் போடுங்கோ" என்றாள்.